கேமிங் பிசிக்கு ரேம்: 6000ஆ, சிஎல்30ஆ, எதைப் பார்த்து வாங்குவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புதிதாக கேமிங் பிசி அசெம்பிள் பண்ணுகிற பிள்ளைகள் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி மாதக்கணக்கில் படித்து வைத்திருப்பார்கள், பிராசஸருக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், ஆனால் ரேம் என்று வந்ததும் "16 ஜிபி போதும்ல அண்ணே, எதையாவது போட்டுக்கலாம்" என்று கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். அவரிடம் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அது வரும். இன்னொரு வகை ஆட்களும் உண்டு, யூடியூபைப் பார்த்துவிட்டு 7200 வேண்டும், 8000 வேண்டும் என்று பெரிய எண்ணாகத் தேடி அலைவார்கள். இரண்டுமே காசுக்குக் கேடு. ரேமில் பார்க்க வேண்டியது நாலைந்து விஷயம்தான், ஆனால் அதைப் பார்க்கிற வரிசை முக்கியம்: எந்த வகை, எத்தனை ஜிபி, ஒரு ஸ்டிக்கா இரண்டா, அதெல்லாம் முடிவான பிறகுதான் வேகமும் சிஎல்லும் (ரேம் பதில் சொல்ல எடுக்கும் தாமதத்தைக் காட்டுகிற எண்).

முதலில் போர்டு

எந்த வகை ரேம் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, மதர்போர்டுதான் முடிவு செய்யும். ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் என்றால் (ரைசன் 5600, 5700எக்ஸ் மாதிரி) டிடிஆர்4 மட்டும். ஏஎம்5 என்றால் (ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள்) டிடிஆர்5 மட்டும். இன்டெலில்தான் குழப்பம்: 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு இரண்டு வகைப் போர்டும் உண்டு, பி760 என்ற ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் விற்கும், டிடிஆர்5 போர்டும் விற்கும், அதனால் பெயரின் கடைசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டெஸ்க்டாப் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு டிடிஆர்5தான். ஸ்டிக்கின் அடியில் இருக்கும் வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை மற்றதன் ஸ்லாட்டில் செருக முடியாது, உட்காரவில்லையே என்று யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

இன்டெலில் இன்னொன்று. எச்610 போர்டு விலை குறைவு என்பதால் இங்கே நிறைய பேர் அதைத்தான் வாங்குகிறார்கள், தப்பில்லை, ஆனால் அந்த சிப்செட்டில் ரேமை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, வழி இல்லை. டிடிஆர்4 எச்610இல் 3600 ஸ்டிக் போட்டாலும் 3200க்கு மேல் போகாது. அந்தப் போர்டுதான் என்று முடிவாகிவிட்டால் வேக ரேமுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஏஎம்டியின் ஏ620 போர்டு அப்படி இல்லை, அதில் பிராசஸரை ஓவர்கிளாக் பண்ண முடியாதே தவிர ரேமைப் பண்ணலாம்.

அப்புறம் ஜிபி, ஜோடி

8 ஜிபி இனி கேமிங்குக்கு ஆகாது. 16 ஜிபி குறைந்தபட்சம். பின்னால் குரோமில் பத்து டேப், டிஸ்கார்டு எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு புதிய பெரிய கேம்கள் ஆடுகிறவர் என்றால் 32. இதை ஏன் வேகத்துக்கு முன்னால் சொல்கிறேன் என்றால், ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் எஸ்எஸ்டியை எடுத்துச் சமாளிக்கப் பார்க்கும், அப்போது வருகிற திக்கலை எந்த சிஎல்30 ரேமும் தீர்க்காது. கையில் இருக்கும் காசுக்கு வேகமான 16 ஜிபியா, சுமார் வேக 32 ஜிபியா என்று கேள்வி வந்தால், பெரிய கேம் ஆடுகிறவருக்கு என் பதில் 32தான்.

எத்தனை ஜிபி ஆனாலும் இரண்டு ஸ்டிக்காக வாங்குங்கள். 16 வேண்டுமென்றால் 8 இரண்டு, 32 என்றால் 16 இரண்டு. ஒரு ஸ்டிக் போட்டால் ஒரு சேனல்தான் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே தகவல் போகிற பாதை) வேலை செய்யும், இரண்டு போட்டால் இரண்டு சேனல். டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக்கில் வினாடிக்கு 25.6 ஜிபி கடத்தும், இரண்டில் 51.2. டிடிஆர்5 6000 என்றால் 48, 96. வேகத்தை 3200இலிருந்து 3600க்கு ஏற்றினால் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு, இரண்டாவது ஸ்டிக்கைச் செருகினால் கிடைப்பது அப்படியே இரண்டு மடங்கு! "இப்ப ஒண்ணு போடுவோம், தீபாவளிக்கு இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்பது இங்கே அடிக்கடி கேட்கிற பேச்சு. பல சமயம் அது ஓடிவிடும். ஆனால் அதே பெயரில் அதே எண்ணோடு விற்கிற ஸ்டிக்கில்கூட உள்ளே இருக்கும் சிப்பைத் தயாரிப்பாளர் மாற்றிவிட முடியும், அப்போது இரண்டும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதைச் சேர்த்தே சோதித்து அனுப்புகிறார்கள்.

நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் அழகாக இருக்கும், விளக்கெல்லாம் எரியும், சரிதான். டிடிஆர்5இல் அது வேகத்தைத் தின்றுவிடும். ரைசன் 7000க்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்கிற வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக்குக்கு 3600. அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கண்டபடி ஏறியிருக்கிறது, காரணம் ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்று சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரும் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பியதுதான். மைக்ரான் தன் குருஷியல் பெயரில் நமக்கு விற்றுக்கொண்டிருந்த தொழிலையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த வீடியோவில் "வித்தியாசம் கொஞ்சம்தான், நல்லதையே வாங்குங்க" என்று சொல்வதை அப்படியே நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றைய விலையைப் பார்த்து நீங்களே கணக்குப் போட வேண்டும், அந்தக் கணக்குதான் அடுத்து.

பெட்டியில் இருக்கும் எண்கள்

பெட்டியில் இப்படி இருக்கும்: டிடிஆர்5 6000, சிஎல்30, 30-38-38-96, 1.35 வோல்ட். 6000 என்பது வினாடிக்கு எத்தனை மில்லியன் முறை தகவல் கைமாறுகிறது என்கிற எண். கடையில் இதை மெகாஹெர்ட்ஸ் என்றே சொல்வார்கள், ஆனால் உண்மையான கிளாக் இதில் பாதி, 3000 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போகிறது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்துவிட்டு "அண்ணே ஏமாத்திட்டாங்க, 3000தான் காட்டுது" என்று பதறுகிறவர்கள் உண்டு. ஏமாற்றவில்லை, அதை இரண்டால் பெருக்குங்கள்.

சிஎல் என்பது பிராசஸர் கேட்டதிலிருந்து முதல் தகவல் வெளியே வருவதற்குள் எத்தனை துடிப்பு கழிகிறது என்பது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரரைக் கூப்பிடுகிறீர்கள். கூப்பிட்டதிலிருந்து முதல் கரண்டி இலையில் விழுகிற வரை ஆகும் நேரம் லேட்டன்சி, விழ ஆரம்பித்த பிறகு எவ்வளவு மளமளவென்று ஊற்றுகிறார் என்பது வேகம். சிஎல் என்கிற எண் நேரத்தைச் சொல்வதில்லை, அவர் உங்களிடம் வர எத்தனை எட்டு வைக்கிறார் என்பதை மட்டும் சொல்கிறது. 16 எட்டை மெதுவாக வைக்கிறவரும் 30 எட்டை விறுவிறுவென்று வைக்கிறவரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கலாம். டிடிஆர்4இல் 16 என்று பார்த்துப் பழகியவர்கள் டிடிஆர்5இல் 30, 36 என்று பார்த்துவிட்டு "இது மோசமாச்சே" என்று நினைப்பது இதனால்தான்.

நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரே கணக்கு: சிஎல்லை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள். விடை நானோ வினாடியில் வரும். டிடிஆர்4 3200 சிஎல்16 என்றால் 32000ஐ 3200ஆல் வகுக்க, 10. டிடிஆர்4 3600 சிஎல்18, அதுவும் 10. டிடிஆர்5 6000 சிஎல்30, மறுபடி 10. 6000 சிஎல்36 என்றால் 12. 5600 சிஎல்36 கிட்டத்தட்ட 12.9. விலை குறைவு என்று கடையில் தள்ளிவிடுகிற 5200 சிஎல்40 ஏறக்குறைய 15.4, ஹீட்சிங்க் இல்லாத சாதா 5600 சிஎல்46 என்றால் 16.4. விலை கூடிய 7200 சிஎல்34 வெறும் 9.4தான், அதாவது சிஎல்30 6000ஐ விட அரை நானோ வினாடி சொச்சம் குறைவு. போனில் கால்குலேட்டரைத் திறந்து கடையில் நின்றே போட்டுவிடலாம்.

இந்த வித்தியாசத்தையும் அதன் அளவில் வைத்துப் பாருங்கள். பிராசஸர் கேட்டு ரேமிலிருந்து பதில் வந்து சேர மொத்தத்தில் 60 முதல் 80 நானோ வினாடி வரை ஆகிறது, அதில் பெரும்பகுதி பிராசஸருக்குள்ளேயே கழிகிறது. அதில் 10ஆ 12ஆ என்பது சின்னத் தொகை. 10ஆ 16ஆ என்பது கொஞ்சம் உறைக்கும்.

அடுத்து வரும் 38-38-96 எண்களையும் ஒரு கண் பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை. ரேமுக்குள் தகவல் வரிசை வரிசையாக இருக்கும், சிஎல் மட்டும் போதும் என்பது தேவையான வரிசை ஏற்கெனவே திறந்திருக்கும்போதுதான் சரி. திறக்காவிட்டால் அதைத் திறக்க இரண்டாவது எண்ணும், வேறு வரிசை திறந்து கிடந்தால் அதை மூட மூன்றாவது எண்ணும் கூடவே சேரும். சிஎல்36 என்று ஒரே பெயரில் 36-36-36 என்றும் விற்கிறது, 36-44-44 என்றும் விற்கிறது. 6000 வேகத்தில் ஒரு துடிப்பு 0.33 நானோ வினாடி, ஆக இரண்டாவது எண்ணில் 8 கூடினால் 2.7, மூன்றாவதில் இன்னொரு 2.7. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் இது கண்ணில் படாது. விலை ஒன்றாக இருந்தால் 36-36-36ஐ எடுங்கள்.

எந்த பிராசஸருக்கு எது

ஏஎம்5 வைத்திருக்கிறவர்களுக்கு வேலை சுலபம். 6000, சிஎல்30. ஏஎம்டியே 2022இல் ரைசன் 7000 வந்தபோது 6000தான் பொருத்தமான இடம் என்று சொன்னது. அந்த பிராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் ரேமின் கிளாக்கோடு ஒன்றுக்கு ஒன்று ஓடினால்தான் தாமதம் குறையும், 6000 வரை பெரும்பாலான பிராசஸர்கள் தடையில்லாமல் அப்படி ஓடும், சிலது 6400 வரை போகும், அதற்கு மேல் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் ஏஎம்5இல் கூடக் காசு கொடுத்து 7200 போட்டவர் 6000 போட்டவரைவிட முந்துவதில்லை. சிஎல்30 விலை கையைக் கடித்தால் 6000 சிஎல்36, அதுவும் கிடைக்காவிட்டால் 5600 சிஎல்36, குறை ஒன்றும் வந்துவிடாது.

ஏஎம்4 என்றால் 3600 சிஎல்16 கிடைத்தால் நல்லது, 3600 சிஎல்18ஓ 3200 சிஎல்16ஓ போதும். பெயர் தெரியாத 2666 ஸ்டிக், 3200 சிஎல்22 ஸ்டிக் இவைதான் தவிர்க்க வேண்டியவை. பழைய பிசியிலிருந்து கழற்றி விற்கிற டிடிஆர்4 இப்போது நம் பக்கமும் கிடைக்கிறது, ஜோடியாக இருந்து, கடையிலேயே போட்டுக் காட்டினால் வாங்கலாம்.

இன்டெல் டிடிஆர்5 கன்ட்ரோலர் முதலிலிருந்தே பாதி வேகத்தில்தான் ஓடுகிறது, ஆகவே அங்கே 6000இல் முட்டுச்சுவர் எதுவும் இல்லை, நல்ல போர்டில் 13, 14ஆம் தலைமுறை 6400, 6800 என்று போகும், உயர்ந்த போர்டில் 7200ம் ஓடும். ஆனால் பி760 போட்டு ஐ5 வைக்கிறவருக்கு 6000 சிஎல்30ஓ சிஎல்36ஓ தாராளம்.

எங்கே கூடுதல் காசு போடலாம், எங்கே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் 5600ஜி, 8600ஜி மாதிரி பிராசஸரில் இருக்கும் கிராபிக்ஸை வைத்து ஆடுகிறீர்களா? ஹாஸ்டல் பையன்கள் நிறைய பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அங்கே ரேம்தான் கிராபிக்ஸ் மெமரியும், இரண்டு ஸ்டிக்கும் வேகமும் போட்ட காசுக்குக் கண்ணெதிரே எஃப்பிஎஸ் தரும், இப்படிப்பட்டவர் ஒற்றை ஸ்டிக் போடுவதை மட்டும் செய்யவே கூடாது. அடுத்து, வாலரன்ட், சிஎஸ்2 மாதிரி ஆட்டங்களை 1080பியில் செட்டிங்ஸைக் குறைத்து வைத்து 240 எஃப்பிஎஸ் துரத்துகிறவர்கள். அங்கே பிராசஸர்தான் தடை, நல்ல ரேம் சராசரியைவிட அந்தத் திடீர்த் திக்கல்களைக் குறைப்பதில் உதவும். மாறாக 1440பியில் எல்லாவற்றையும் உயர்த்தி வைத்து கதை கேம் ஆடுகிறவருக்கு கிராபிக்ஸ் கார்டு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், ரேம் சும்மாதான் காத்திருக்கும், அவருக்கு சிஎல்30க்கும் சிஎல்36க்கும் வித்தியாசம் தெரியப் போவதில்லை, அந்தக் காசைச் சேர்த்து ஒரு படி மேலான கார்டு வாங்கலாம். 7800எக்ஸ்3டி மாதிரி எக்ஸ்3டி பிராசஸர்களும் அப்படித்தான், 96 எம்பி கேஷ் (பிராசஸரின் சொந்த வேக மெமரி) உள்ளேயே இருப்பதால் ரேமுக்குப் போகிற வேலையே குறைவு.

வாங்கும்போது

உள்ளூர்க் கடைகளில் ஜோடி பெட்டிகள் எப்போதும் இருக்காது, தனி ஸ்டிக்தான் இருக்கும், ஆர்டர் சொன்னால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழைத்துத் தருவார்கள். ஆன்லைனிலும் வாங்கலாம், பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்கே போய்விடுகிறவர்களும் உண்டு. எங்கே வாங்கினாலும் "டிடிஆர்5 16 ஜிபி" என்று மட்டும் கேட்காமல், வேகம், சிஎல், ஜோடி மூன்றையும் சொல்லி, பில்லில் முழு மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஏஎம்டிக்கு எக்ஸ்போ, இன்டெலுக்கு எக்ஸ்எம்பி (பெட்டியில் சொன்ன வேகத்தில் ரேமை ஓட வைக்கிற தயார் செட்டிங்) என்று பெட்டியில் இருப்பது நல்லது. இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. பெரிய ஏர் கூலர் போடுகிறீர்கள் என்றால் ரேமின் உயரத்தையும் பாருங்கள், விளக்கு வைத்த உயரமான ஸ்டிக் கூலர் விசிறியில் இடிக்கும்.

மாட்டியதும் செய்ய வேண்டியது

நாலு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4 ஆகிய ஸ்லாட்டுகளில் போடுங்கள், போர்டில் ஏ2, பி2 என்று இருக்கும். டிக் என்று சத்தம் வருகிற வரை அழுத்த வேண்டும். ஏஎம்5 போர்டில் முதல் முறை பவர் போட்டதும் திரையில் எதுவும் வராமல் சில நிமிடம் அப்படியே நிற்கும், ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, செத்துப்போய்விட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். நம்ம ஊர் கரண்டை நம்ப முடியாது, அந்த நேரத்தில் யுபிஎஸ்ஸில் போட்டிருப்பது நல்லது.

அடுத்ததுதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது. 6000 ரேம் வாங்கிச் செருகினால் அது தானாக 6000இல் ஓடாது, பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். டிடிஆர்4 என்றால் 2133, 2400, 2666 இப்படி. பிசி ஆன் ஆகும்போது டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதை (சில போர்டுகளில் பெயர் மாறியிருக்கும், டிஓசிபி என்றும் இருக்கும்) ஆன் செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் வேகம் தெரியும். ஏற்கெனவே பிசி வைத்திருக்கிறவர்களும் இதைப் படித்த கையோடு போய்ப் பார்த்துவிடுங்கள், காசு செலவில்லாத வேகம் இது.

வெயிலில் ஒரு சோதனை

எக்ஸ்போ என்பதும் ஓவர்கிளாக்தான், ஓடுகிறது என்பதற்காகத் தவறில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையைப் பென்டிரைவில் போட்டு முழுதாக ஒரு தடவை ஓட விடுங்கள், ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். இதை ராத்திரி குளிர்ச்சியில் செய்து திருப்திப்படக் கூடாது. ரேம் சூடாக ஆகத்தான் பிழைகள் தலைகாட்டும், அதுவும் கிராபிக்ஸ் கார்டின் அனல் நேரே ரேம் பக்கம் எழும்பும். பிசி வைத்திருப்பது பழைய வீட்டின் கனத்த சுவருக்குள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரைத்தளம் என்றால் பிழைத்தீர்கள், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற கான்கிரீட் அறை என்றால் சித்திரை மத்தியானத்தில் அந்த அறையே அடுப்பு மாதிரிதான். ஆகவே மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல், ஒரு கனமான கேமை ஒரு மணி நேரம் ஆடிவிட்டு உடனே சோதனையை ஓட விடுங்கள்.

பிழை வந்தாலோ, கேம் காரணமில்லாமல் டெஸ்க்டாப்புக்கு விழுந்தாலோ, நீலத்திரை வந்தாலோ, முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள், ஏஎம்5இல் பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். தீராவிட்டால் எக்ஸ்போவை ஆனில் வைத்து வேகத்தை மட்டும் 5600க்கு இறக்கிப் பாருங்கள். அப்படி இறக்கினால் பிழை நின்றுவிடுகிறது என்றால் ஸ்டிக்கோ பிராசஸரின் மெமரி கன்ட்ரோலரோ 6000ஐத் தாங்கவில்லை, வேறு ஒருவரின் ஜோடியைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சாதா வேகத்திலும் பிழை வருகிறதா, அது ரேம் கோளாறுதான், பில்லோடு போய் மாற்றிக்கொள்ளுங்கள், பல கம்பெனிகள் ரேமுக்கு ஆயுள் வாரண்டி தருகின்றன. ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே கேட்பார்கள், ஒன்றுதான் கெட்டது என்றாலும் இரண்டையும் கொண்டு போங்கள்.

பயாஸ் அப்டேட் செய்தால் செட்டிங்ஸ் எல்லாம் பழையபடி ஆகிவிடும், எக்ஸ்போவை மறுபடி ஆன் செய்ய வேண்டும்.